ஹௌசா மௌசியின் படகும் பதினைந்தாவது சாவியும்

ஷேக் பரீத் யாரையும் நம்பமாட்டார். தாராவி தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால் டீசல் இஞ்சின் ரிப்பேர் பார்க்கும் பட்டறைகள் ஏழெட்டு இருக்கின்றன. எந்தக் கதவில் மூன்று பூட்டு தொங்குகிறதோ அது அவருடையது. கிரீஸ் டப்பாவை மூடும் முன்பு மேலே ஆணியால் ஒரு கோடு இழுத்துவிட்டுத்தான் மூடுவார். மறுநாள் கோடு கலைந்திருந்தால் அன்றைக்குத் தெருவே அவருக்குத் திருடன். டீக்கடையிலிருந்து வரும் கிளாசை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் வாயில் வைக்கமாட்டார். டீயில் யார் என்ன கலக்கப்போகிறார்கள் என்று கேட்டால், "கலக்கமாட்டான்னு ஒமக்கு யாரு சொன்னா?" என்று திருப்பிக் கேட்பார். 

இடுப்பு வளையத்தில் பதினான்கு சாவிகள். ஆண்டாப் ஹில்லில் அவர் குடியிருக்கும் சந்துக்குள் அந்தச் சத்தம் நுழைந்ததுமே அவர் மனைவி சைனப் தோசைக்கல்லை அடுப்பில் போட்டுவிடுவாள். அவர் வந்து கதவைத் தட்டி, யார் என்று அவள் கேட்கிறாளா என்று சோதித்து, கேட்காமல் திறந்ததற்காக அவளைத் திட்டி முடிப்பதற்குள் முதல் தோசை வெந்திருக்கும்.

பிறக்கும்போதே அவர் இப்படி இல்லை. பதினேழு வயதில் மேலப்பாளையத்திலிருந்து ரயிலேறி வந்து தாதரில் இறங்கியபோது, பக்கத்தில் நின்ற ஒரு பெரியவரிடம், பெட்டியைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். பெரியவர் நன்றாகவே பார்த்துக்கொண்டார். இன்று வரைக்கும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். பத்து வருடம் கழித்து, சொந்தச் சின்னம்மா மகனோடு கூட்டுச் சேர்ந்து குர்லாவில் ஒரு பட்டறை போட்டார். ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால் போர்டில் அவர் பெயர் இல்லை. அன்றைக்கு வாங்கிய பூட்டுதான் முதல் பூட்டு.

இந்த மனிதருக்கும் ஒரு விதிவிலக்கு இருந்தது. அடுத்த சந்தில் பைபர் வேலை செய்யும் கணேசபாண்டியன். சங்கரன்கோவில் பக்கத்து ஆள்; தண்ணீர்த் தொட்டி, கடை போர்டு, ஆட்டோ கூரை என்று ரெசினில் செய்யக்கூடியது எதுவானாலும் செய்வார். இரண்டாயிரத்து ஐந்து ஜூலை வெள்ளத்தின்போது பரீத் ஒரு ஜெனரேட்டர் வேலையாக உல்லாஸ்நகரில் மாட்டிக்கொண்டார். தாராவியில் தண்ணீர் நெஞ்சளவு ஏறிவிட்டது. கணேசபாண்டியன் மூன்று பூட்டையும் அறுத்து உள்ளே போய், அங்கே கிடந்த இஞ்சின் சாமான்களை ஒன்றுவிடாமல் பரணில் ஏற்றிவைத்துவிட்டு, கதவில் தன் பூட்டைப் போட்டுவிட்டுத்தான் தன் பட்டறையைப் பார்க்கப் போனார். அதற்குள் அவருடைய ரெசின் டிரம்கள் மிதந்து போயிருந்தன. மூன்று நாள் கழித்துத் திரும்பிவந்த பரீத் சாமான்களை எண்ணிப் பார்த்தார். எண்ணாமல் இருக்க அவரால் முடியாது. ஒரு நட்டுகூடக் குறையவில்லை. புதுப் பூட்டு வாங்கி மாற்றியபோது மூன்று பூட்டுக்கும் பொருந்தும் ஒரு சாவியைக் கணேசபாண்டியன் கையில் கொடுத்தார்.

"அடுத்த தடவ அறுக்காதேயும் அண்ணாச்சி. தொறந்து போம்."

அதுதான் பதினைந்தாவது சாவி.

மாஹிமில் மீனவர் குப்பமான கோளிவாடாவிலிருந்து ஹௌசா மௌசி வந்து கூப்பிட்டது இந்த இரண்டு பேரையும் சேர்த்துத்தான். ஐம்பது தாண்டிய மீன்காரி; மௌசி என்றால் மராத்தியில் சித்தி. புருஷன் போய் ஐந்து வருடம். அவனோடு சேர்ந்து படகும் கரையில் சாய்ந்துவிட்டது. இப்போது கொழுந்தன்மார் இரண்டு பேர் கடலுக்குப் போகத் தயாராக இருந்தார்கள். நாரளி பௌர்ணிமாவுக்குக் கடலில் தேங்காய் விட்டு எல்லாப் படகும் தொழிலைத் தொடங்கும்போது தன் படகும் தண்ணீரில் இருக்க வேண்டும் என்பது மௌசியின் பிடிவாதம். மரப்படகு, இருபத்தாறு அடி. மேலே பைபர் ஒட்டியது. உள்ளே இரண்டு சிலிண்டர் டீசல் இஞ்சின். துருவில் மூழ்கி எது இஞ்சின், எது துரு என்றே பிரிக்க முடியாமல் கிடந்தது.

மே மாதத்தில் வேலை தொடங்கியது. கணேசபாண்டியன் உளுத்த பலகைகளை அறுத்தெடுத்து, வெயில் இருக்கும்போதே புதுக் கண்ணாடியிழை மேட்டும் ரெசினும் போட்டார். பரீத் இஞ்சினைக் கழற்றித் தள்ளுவண்டியில் பட்டறைக்குக் கொண்டுவந்தார். பிஸ்டன் இரண்டும் சிலிண்டரோடு பிடித்துப்போயிருந்தன. மண்ணெண்ணெயும் டீசலும் கலந்து ஊற்றி ஒன்பது நாள் ஊறவிட்டு, மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்டித் தட்டி பத்தாம் நாள் இறக்கினார். தண்ணீர் சுற்றும் வழி முழுக்க உப்பு கட்டியிருந்ததைக் கம்பியால் சுரண்டி எடுத்தார். புது ரிங், புது கேஸ்கெட், நாசில் சோதனை. வேலையில் அவரைக் குறை சொல்ல யாராலும் முடியாது. ஆட்களைத்தான் நம்பமாட்டார், இஞ்சின்களை நம்புவார். இஞ்சின் பொய் சொல்லாது என்று அடிக்கடி சொல்லுவார்.

கூரைக் கொக்கியில் ஒரு டீசல் கேனைத் தொங்கவிட்டு, குழாயை இறக்கி, இஞ்சினை ஓட்டிப் பார்த்தார். முதலில் வெள்ளைப் புகை, பிறகு கறுப்பு, பிறகு புகையே இல்லை. ஆறு மணி நேரம் ஒரே சத்தத்தில் ஓடியது. கணேசபாண்டியன் அதன் மேல் தேங்காயைச் சுற்றி உடைத்தார். பரீத் அல்ஹம்துலில்லாஹ் என்றார். ஆளுக்கொரு தேங்காய்ச் சில்லைத் தின்றுகொண்டே இரண்டு பேரும் அரை மணி நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வம்பு படகில்தான் ஆரம்பித்தது. ஜூலை கடைசியில் இஞ்சினைப் படகில் பூட்டி, கடல் ஓதம் ஏறிய ஒரு மத்தியானம் மாஹிம் கழிமுகத்தில் முதல் ஓட்டம் விட்டார்கள். பத்து நிமிஷத்தில் இஞ்சின் திக்கித் திணறி நின்றது. பில்டரைக் கழற்றினால் அடியில் இரண்டு டம்ளர் தண்ணீர்.

"மழைத் தண்ணி, பாய்" என்றார் கணேசபாண்டியன். "முந்தாநாள் காத்துல தார்ப்பாய் பறந்துட்டுல்லா. பின்பக்கம் முழுக்கத் தண்ணி நின்னுச்சு. டீசல் டாங்கி மூடியில ஊசித்துவாரம் இருக்கே, அது வழியா எறங்கியிருக்கும்."

"ஊசித்துவாரத்துல ரெண்டு டம்ளரு எறங்குமா?"

"ராத்திரி பூரா நின்னா எறங்காதா?"

பரீத் கரைப் பக்கம் திரும்பினார். கரையில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவர்களில் ஒருவன் சிரித்தது போல இருந்தது. மௌசி திரும்பத் தொழிலுக்கு வருவது பிடிக்காதவன் யாராவது ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போக எவ்வளவு நேரமாகும்?

மறுநாளே குர்லா காயலான் சந்தைக்குப் போய், பூட்டு வைத்த லாரி டாங்கி மூடி ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கிவந்தார். படகு டாங்கியின் வாய்க்கு அது கொஞ்சம் தளர்வாக இருந்தது. பழைய டியூபிலிருந்து ஒரு ரப்பர் வளையம் வெட்டி, உள்விளிம்பு முழுவதையும் அடைக்கும்படி இரண்டு மடிப்பாக வைத்து இறுக்கினார். சாவியைத் திருப்பிப் பூட்டியபின் மூடியை இரண்டு கையாலும் அசைத்துப் பார்த்தார். மலை மாதிரி நின்றது. சாவி இடுப்பு வளையத்துக்குப் போகவில்லை. அதைத் தனியாகக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். மாலையில் சைனப் அதைப் பார்த்துவிட்டு, "இனி தாயத்துக்கு எடம் இல்ல" என்றாள்.

டாங்கியைக் கழுவி, புது டீசல் ஊற்றி, மறுபடி ஓட்டினார்கள். இருபது நிமிஷம் நன்றாக ஓடியது. பிறகு சத்தம் ஏறி இறங்கியது, நின்றது. பரீத் பூட்டைத் திறந்து, ஒரு கண்ணாடி பாட்டிலில் டீசல் பிடித்து வெயிலில் பார்த்தார். தண்ணீர் இல்லை, தூசி இல்லை. பைப்பிலிருந்து ஏர் எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் உடனே பிடித்துக்கொண்டது. இன்னொரு இருபது நிமிஷம். மறுபடி நின்றது. மறுபடி பூட்டைத் திறந்து பார்த்தார். மறுபடி ஓடியது.

பம்பைக் கழற்றி மாட்டினார். பைப்பை மாற்றினார். பில்டரை இரண்டு முறை மாற்றினார். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிக் காற்று கசிகிறதா என்று பார்த்தார். இஞ்சினைப் பட்டறைக்கே திருப்பிக் கொண்டுபோய்க் கூரைக் கேனில் ஓட்டினார். ஐந்து மணி நேரம் ஓடியது. திரும்பப் படகில் வைத்தால் இருபது நிமிஷம். முப்பது வருஷத்தில் எந்த இஞ்சினும் அவரை இப்படிக் கேலி செய்ததில்லை. டாங்கியை மட்டும் அவர் சந்தேகப்படவில்லை. அதை முதல் நாளே கழுவியாயிற்று, பழைய மூடியின் துவாரத்தில் ஊசி விட்டுப் பார்த்தாயிற்று, போதாததற்குப் பூட்டும் போட்டாயிற்று. பூட்டுப் போட்ட ஒன்றில் கோளாறு வரும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

இஞ்சின் பொய் சொல்லாது. அப்படியானால் ஆள்தான். யார்?

வலைக்காரர்கள் கரையில் இருந்தார்கள். இஞ்சின் நின்றதோ தண்ணீர் நடுவில். டீசல் பங்க்காரனையும் கொஞ்ச நாள் சந்தேகப்பட்டார். அவனுடைய டீசல்தான் பட்டறையில் ஐந்து மணி நேரம் ஓடியது. மிச்சம் இருந்தது படகுக்குள் இருந்தவர்கள். சுக்கான் பிடிக்கும் மௌசி, இஞ்சின் பக்கத்தில் அவர், பின்பக்கத்தில் டாங்கிக்கு மேலே பலகையில் கணேசபாண்டியன். தான் போட்ட பைபர் ஒட்டு எங்கேயாவது கசிகிறதா என்று பார்க்கத்தான் அவர் அங்கே உட்கார்ந்தார். மே மாதத்திலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பரீத்துக்கு இப்போது அது புதிதாகக் கேட்டது. இத்தனை ஒட்டில் பின்பக்கத்து ஒட்டு மட்டும் ஏன் கசிய வேண்டும்?

அந்த வாரம் ஒரு கேஸ்கெட் வாங்கக் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் போனவர், ஒரு காபி ஓட்டலுக்குள் கணேசபாண்டியனைப் பார்த்தார். எதிரே அவருடைய மச்சினன் மகேஷ்குமார் உட்கார்ந்திருந்தான். மீன்பிடிப் படகுகளுக்கு வெளியே மாட்டும் புது அவுட்போர்டு இஞ்சின் விற்கும் ஏஜெண்ட். மேசை மேல் படம் போட்ட புத்தகம் விரிந்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் உள்ளே போய், எனக்கும் ஒரு காபி சொல்லும் அண்ணாச்சி என்று உட்கார்ந்திருப்பார்கள். பரீத் பூக்கடைக்குப் பின்னால் நின்று, இரண்டு பேரும் எத்தனை பக்கம் புரட்டினார்கள் என்று பார்த்தார். பதினொன்று.

அன்று மாலை சைனப்பிடம் சொன்னார்.

"பழைய இஞ்சின் ஓடலன்னா புது இஞ்சின் விக்கும். யாரு விப்பா? அவரு மச்சினன் விப்பான்."

சைனப் தோசையைத் திருப்பிப் போட்டாள். "ஒங்களுக்கு இந்த ஊர்ல இருக்கது ஒரே ஒரு ஆளு. அவரையும் தொலச்சிட்டு வந்துறாதிய. அப்புறம் நானும் இந்தப் பூட்டுகளும்தான் மிச்சம்."

அவருக்கும் அது தெரியும். அவரைத் தூங்கவிடாமல் செய்ததும் அதுதான். கணேசபாண்டியன் இல்லை என்று நிரூபணமாகிவிட்டால் போதும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டார். ஆனால் அவர் மனசு ஒரு வினோதமான மிஷின். ஆள் நல்லவன் என்பதைக் காட்ட என்னத்தைப் போட்டாலும், சுற்றிச் சுற்றி அரைத்து ஒரு திருடனைத்தான் வெளியே தள்ளும்.

நிரூபணமும் தானாக வந்து சேர்ந்தது. ஒரு வியாழக்கிழமை மனைவி மீனாட்சியம்மாளுக்குக் கண் ஆபரேஷன் என்று கணேசபாண்டியன் வரவில்லை. பரீத் டாங்கிப் பலகையில் தானே உட்கார்ந்தார். மூடியைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டார். கையில் அளவுக் குச்சி. ஒரு கொசு டாங்கிக்குள் விழுந்தால்கூடத் தெரியும்படி வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இஞ்சின் ஓடியது. இருபது நிமிஷம், நாற்பது நிமிஷம், ஒரு மணி நேரம். ஓதம் வடியத் தொடங்கியதால்தான் நிறுத்தினார்கள். மௌசி கைதட்டினாள். பரீத்தின் முகத்தில் ஈயாடவில்லை. கணேசபாண்டியன் இல்லை, இஞ்சின் ஓடுகிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

இருந்தாலும் இன்னொரு சந்தர்ப்பம் கொடுத்தார். சனிக்கிழமை, பௌர்ணமிக்கு ஐந்து நாள் முன்பு, மூடியைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எல்லாரும் ஏறினார்கள். கணேசபாண்டியன் வழக்கம்போலப் பின்பலகையில் உட்கார்ந்தார். பரீத் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பதினெட்டு. பத்தொன்பது. சத்தம் ஏறி இறங்கியது. நின்றது.

கரையிலிருந்து இன்னொரு படகு வந்து கயிறு கட்டி இழுத்துப்போனது. கரையில் இறங்கியதும் பரீத், வலைக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொன்னார்.

"அண்ணாச்சி, அந்தப் பையக் கொஞ்சம் காட்டும்."

"எந்தப் பைய?"

"தோள்ல கெடக்கதத்தான்."

கணேசபாண்டியனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தார். பரீத்தின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"என்ன வேய் கேக்கீரு?"

"நீரு இல்லாத அன்னைக்கி ஒரு மணி நேரம் ஓடுச்சு. நீரு வந்தா இருபது நிமிசம். கிங்ஸ் சர்க்கிள்ல மகேஷ்குமாரோட ஒமக்கு என்ன பேச்சு? இந்தப் பூட்டுக்கு இன்னொரு சாவி நீரு பண்ணி வச்சிருக்கீரு. பையக் காட்டும்."

"பேசினேன்." கணேசபாண்டியனின் குரல் உயரவில்லை. "பௌர்ணமிக்குள்ள ஒம்ம இஞ்சின் ஓடலன்னா அந்தப் பொம்பளைக்கு வேற வழி வேண்டாமா? மௌசிகிட்டயும் சொல்லிட்டேன். கேட்டுப் பாரும். ஒளிச்சு வச்சு ஒண்ணும் பேசல."

மௌசிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் மகேஷ்குமார் என்ற பெயர் புரிந்தது. "ஹாவ், மலா சாங்கித்லா" என்று தலையாட்டினாள். ஆமாம், தன்னிடம் சொன்னார் என்றாள். பரீத் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கை நீட்டியபடியே நின்றார்.

கணேசபாண்டியன் பையைத் திறந்து, உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாகக் கரையில் கிடந்த ஒரு மீன்பெட்டியின் மேல் எடுத்துவைத்தார். டிபன் டப்பா. பேப்பரில் சுற்றிய ரெசின் பிரஷ். மீனாட்சியம்மாளின் கண்சொட்டு மருந்து. ஒரு தண்ணீர் பாட்டில். பரீத் பாட்டிலை எடுத்துத் திறந்து மோந்து பார்த்தார். வெறும் தண்ணீர். அதைப் பார்த்தபோதுதான் கணேசபாண்டியனின் கண் கலங்கியது. சட்டைப் பைக்குள் கைவிட்டு ஒற்றைச் சாவி ஒன்றை எடுத்தார். இருபது வருஷம் தேய்ந்து வழுவழுப்பான பித்தளைச் சாவி.

"எங்கிட்ட ஒம்ம சாவி இது ஒண்ணுதான் இருக்கு."

அதையும் வைத்துவிட்டு, மற்றதைப் பைக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஸ்டேஷன் பாலம் வரை திரும்பிப் பார்க்கவில்லை. பாலத்தில் ஏறிய பிறகும் பார்க்கவில்லை. பரீத் அதுவரைக்கும் கவனித்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை சைனப், வளையத்தில் சேராமல் மேசை மேல் தனியாகக் கிடந்த பித்தளைச் சாவியைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை ஓதம் ஏறியதும் பரீத்தும் மௌசியும் மட்டும் படகை எடுத்தார்கள். மூடியைப் பூட்டினார், அசைத்துப் பார்த்தார், இஞ்சின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பின்பலகை காலியாக இருந்தது. இனிப் பயமில்லை என்று நினைத்துக்கொண்டார். நிம்மதியாக இருந்ததா என்றால் இல்லை. கழிமுகத்துப் பாலத்தின் தூண்களைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்பார்கள். சத்தம் ஏறியது, இறங்கியது, நின்றது.

பரீத் கடிகாரத்தைப் பார்த்தார். இருபது நிமிஷம்.

பின்பலகையைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. மெதுவாகத் தலையைத் திருப்பி மௌசியைப் பார்த்தார். அவள் சுக்கானை விட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"மேரேகு க்யா தேக்தா ஹை மிஸ்திரி? அப் மை சோர்?"

என்னை ஏன் பார்க்கிறாய், இப்போது நான்தான் திருடியா என்று அவள் கேட்டதில் கோபம்கூட இல்லை, அலுப்புதான் இருந்தது. பரீத் குனிந்து பின்பக்கம் போனார். கழுத்துக் கயிற்றை இழுத்துச் சாவியைப் பூட்டில் நுழைத்துத் திருப்பினார். மூடி இலேசில் வரவில்லை. யாரோ உள்ளேயிருந்து பிடித்து இழுப்பது போல ஒட்டிக்கொண்டிருந்தது. பலம் கொடுத்துத் தூக்கியதும், டாங்கி நீளமாக ஒரு மூச்சு வாங்கியது.

இதற்கு முன்பும் அந்தச் சத்தத்தை அவர் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கிறார். அப்போதெல்லாம் கை மூடியில் இருந்தாலும் கண் கணேசபாண்டியன் மேல் இருந்தது. இன்றைக்குப் பார்க்க ஆள் இல்லை. மூடியைத் திருப்பிப் பார்த்தார். லாரி மூடி காற்று வாங்கும் துவாரம் உள்விளிம்பில் இருந்தது. அதன் மேல் அவர் கையால் வெட்டி, அவர் கையால் இரண்டு மடிப்பாக வைத்த ரப்பர் வளையம், கடுகளவு இடைவெளிகூட இல்லாமல் உட்கார்ந்திருந்தது. டீசல் குறையக் குறைய உள்ளே காற்று வர வழியில்லாமல், பம்பு இழுத்து இழுத்துப் பார்த்து இருபது நிமிஷத்தில் ஓய்ந்துபோயிருக்கிறது. தொழிலுக்கு வந்த முதல் மாதத்தில் படிக்கிற பாடம். பட்டறையில் திறந்த கேன். வியாழக்கிழமை அவர் மடியில் மூடி. அதனால்தான் அன்றைக்கு ஓடியது. கணேசபாண்டியன் இல்லாததால் அல்ல.

இஞ்சின் கடைசிவரை பொய் சொல்லவில்லை. ஷேக் பரீத் அப்படியே டாங்கிப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். வெட்கத்தில் காது இரண்டும் எரிந்தன. அந்தத் தண்ணீர் பாட்டிலை மோந்து பார்த்தது மறுபடி மறுபடி கண்முன் வந்தது. மகேஷ்குமாரின் புத்தகத்தில் பக்கம் எண்ணியது வந்தது. ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி நேராகக் கேட்டிருந்தால் போதும். அதற்குப் பதிலாகப் பூக்கடைக்குப் பின்னால் ஒளிந்து நின்றார். மௌசி ஏதோ கேட்டாள். அவர் ரப்பர் வளையத்தை நகத்தால் நெம்பி எடுத்து அவளிடம் காட்டி, பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அவளுக்குப் புரிந்துவிட்டது. "அரே தேவா" என்று மட்டும் சொன்னாள்.

ஏர் எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்தார். அன்றைக்கு ஓதம் வடியும்வரை இஞ்சின் நிற்கவே இல்லை.

திரும்பிவந்த கையோடு கணேசபாண்டியனின் பட்டறைக்குப் போனார். சந்து முனை வரை போய்த் திரும்பிவிட்டார். செவ்வாய்க்கிழமையும் போனார், வாசல் வரை போய்த் திரும்பிவிட்டார். ஊர் பார்க்கச் சொன்னதை மூலையில் போய்த் திருப்பி வாங்குவது சரியில்லை என்று சைனப்பிடம் சொன்னார். அது பாதி உண்மை. மீதி, பயம்.

புதன்கிழமை மௌசியே போய்க் கணேசபாண்டியனைக் கூப்பிட்டாள். என் படகின் உடம்பு நீ போட்டது, நீ வராமல் நான் தேங்காய் விடமாட்டேன் என்றாளாம். பௌர்ணமி அன்று காலையில் கோளிவாடாவே பூவும் கொடியுமாக இருந்தது. பச்சைப் புடவையும் பொன்னுமாகப் பெண்கள். மழை விட்டு விட்டுத் தூறியது. கணேசபாண்டியன் வெள்ளைச் சட்டை போட்டு, மீனாட்சியம்மாளை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாக வந்திருந்தார். அன்றைக்குப் பார்த்த அதே வலைக்காரர்கள் அதே இடத்தில் நின்றார்கள்.

பரீத் அவர்கள் நடுவில் போய் நின்றார். ரப்பர் வளையத்தை எல்லாரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தார். தனக்குத் தெரிந்த பம்பாய் ஹிந்தியில், யாரும் எதையும் திருடவில்லை, டாங்கியின் வாயை அடைத்தவன் நான், கணேசபாண்டியன் அண்ணாச்சியிடம் நான் தப்பாகப் பேசினேன், என்று சொன்னார். பாதியில் ஹிந்தி தீர்ந்துபோய் மிச்சத்தைத் தமிழில் சொன்னார்.

"அந்தப் பாட்டில நான் மோந்து பாத்துருக்கக் கூடாது, அண்ணாச்சி. என்னய மன்னிச்சிரும்."

வலைக்காரர்களில் ஒருவன் சிரிக்கப் பார்த்தான். மௌசி பார்த்த பார்வையில் அடங்கிவிட்டான். கணேசபாண்டியன் வளையத்தை வாங்கி விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்தார்.

"இறுக்கமாத்தான் வெட்டியிருக்கீரு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நானும் சத்தத்தக் கேட்டேன் பாய். டாங்கி மூச்சு வாங்குதேன்னு சொல்ல நெனச்சேன். நீரு பாத்த பார்வையில வாய அடச்சிக்கிட்டேன்" என்றார்.

பரீத் மடியிலிருந்து பித்தளைச் சாவியை எடுத்து நீட்டினார். கணேசபாண்டியன் அதைப் பார்த்தார்; கையை நீட்டவில்லை.

"கோவமா அண்ணாச்சி?"

"கோவம் போயிட்டு. சாவி வேண்டாம்." அவர் சாவியோடு சேர்த்துப் பரீத்தின் கையை மூடினார். "நாளைக்கி ஒம்ம பட்டறையில ஒரு ஸ்பேனரக் காணலன்னு வையும். நீரு யாருன்னு யோசிப்பீரு. எங்கிட்ட சாவி இருந்தா மொத நெனப்பு எம்மேலதான் வரும். வேண்டாம்னு நீரு நெனச்சாலும் வரும். சாவி இல்லன்னா, அந்த ஒரு நெனப்புலேருந்து ஒமக்கு விடுதலை. எனக்கும்தான்."

"இனிமே வராது."

"வரும் பாய். ஒம்மள எனக்குத் தெரியும்லா." அதைச் சொல்லும்போது அவர் பரீத்தின் தோளைத் தட்டினார். "டீ குடிக்க வாரேன். நீரும் வாரும். மீனாட்சி கேட்டா, பாயி எங்கன்னு."

படகு இறங்கியது. மௌசி சுக்கானில் நின்றாள். கொழுந்தன்மார் தேங்காய்த் தட்டோடு நடுவில் உட்கார்ந்தார்கள். கணேசபாண்டியன் பின்பலகைப் பக்கம் போகவில்லை; படகின் முன்முனையில், டாங்கியிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் போட்ட ஒட்டு எதுவும் கசியவில்லை. அதை யாரும் பார்க்கவும் இல்லை.

இஞ்சின் இருபது நிமிஷத்தைத் தாண்டியது. ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. மௌசி தேங்காயைக் கடலில் விட்டாள். பரீத் இஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து, முன்முனையில் தெரிந்த அந்த வெள்ளைச் சட்டை முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை அவர் எதையும் வேவு பார்க்கவில்லை. ஒருமுறையாவது திரும்பிப் பார்ப்பாரா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை சந்துக்குள் சாவிச் சத்தம் கேட்டதும் சைனப் தோசைக்கல்லைப் போட்டாள். கதவைத் திறந்தவள் முதலில் அவர் இடுப்பைத்தான் பார்த்தாள். பித்தளைச் சாவியையும் சேர்த்து வளையத்தில் பதினைந்து சாவி இருந்தது.